தர்மமும் ஸுகமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் எம்பெருமானுடைய திருவீதிகளில் கூடும் அன்பர்கள் பல்லாயிரவர். அவரவர் நெஞ்சில் அவரவர் விண்ணப்பம் ஒன்று இருக்கும். ஒருவர் மகளுக்கு நல்ல இடத்தில் விவாஹம் அமைய வேண்டும் என்பார். ஒருவர் தீராத வியாதி தீர வேண்டும் என்பார். வேறொருவர் பல ஆண்டுகளாக முடியாத வழக்கொன்று முடிய வேண்டும் என்பார். இவ்விண்ணப்பங்கள் அனைத்திற்கும் அடியில், வாய்விட்டுச் சொல்லப்படாத வினா ஒன்று பெரும்பாலோர் உள்ளத்தில் உறைந்து கிடக்கிறது. நெறி தவறாது வாழ்ந்தவனுக்குத் துன்பம் ஏன்? நெறியைப் பொருட்படுத்தாதவனுக்கு மாடமாளிகையும் மனமகிழ்ச்சியும் ஏன்? தர்மத்திற்கும் ஸுகத்திற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அன்றி அது பெரியவர்கள் சிறுவர்களுக்குச் சொல்லும் ஆறுதல் மொழி மாத்திரமா?

இவ்வினாவைக் கேட்பவன் நாஸ்திகன் என்று எண்ணிவிடலாகாது. தர்மத்தில் சிறிதும் நம்பிக்கையற்றவனுக்கு இந்த வினாவே எழாது. வலியவன் வாழ்வான், எளியவன் தாழ்வான் என்று அவன் அமைந்துவிடுவான். தர்மத்தை நம்பி அதன்படி நடந்து, நடந்ததன் பயனாகவே அடிபட்டவனுக்குத்தான் இவ்வினா நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிறது. ஆதலின் நம் இதிஹாஸம் இவ்வினாவை ஒரு துஷ்டன் வாயில் வைக்கவில்லை. ஒரு பதிவ்ரதையின் வாயில் வைத்தது.

த்ரௌபதியின் வினா

மஹாபாரதத்தின் வன பர்வத்தில் த்வைத வனம் பேசப்படுகிறது. சூதில் நாட்டை இழந்த பாண்டவர்கள் ஒரு மாலைப் பொழுதில் அங்கே துயரத்துடன் அமர்ந்திருக்கிறார்கள். தந்தத்தாலான ஆஸனத்தில் வீற்றிருந்த தர்மபுத்ரர் இப்பொழுது தர்ப்பைப் புல்லின் மேல் அமர்ந்திருப்பதைத் த்ரௌபதி காண்கிறாள். சந்தனம் பூசிய திருமேனியில் புழுதி படிந்திருக்கிறது. அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் கேட்டதன் கருத்து இதுவாகும்.

தர்மத்தைக் காக்கும் அரசனைத் தர்மம் காக்கும் என்று பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் உம்மை அது காத்ததாகக் காணவில்லை. பீமனையும் அர்ஜுனனையும் இரட்டையரையும் என்னையும் நீர் கைவிட்டாலும் விடுவீர். தர்மத்தைக் கைவிட மாட்டீர். நிழல் மனிதனைத் தொடர்வது போல உமது புத்தி தர்மத்தையே தொடர்கிறது. அப்படிப்பட்ட உமக்கு இந்த நிலை. துர்யோதனனுக்கு அந்தச் செல்வம்.

அவள் இத்துடன் நிற்கவில்லை. மரப்பாவையை ஆட்டுவிப்பவன் ஆட்டுவிப்பது போலவும், மூக்கணாங்கயிறு பூட்டிய எருதை இழுப்பவன் இழுப்பது போலவும், படைத்தவன் உயிர்களை ஆட்டுகிறான் என்றாள். தாய் தந்தையரைப் போல அவன் நடக்கவில்லை, அயலானைப் போல நடக்கிறான் என்றாள். செய்த வினை செய்தவனையே சேரும் என்பது உண்மையானால், செய்விக்கும் அவனையும் அது பற்ற வேண்டும். பற்றாது என்றால் உலகில் பலம் ஒன்றே ப்ரமாணம் என்றாகும். அப்படியாயின் பலமற்ற எளியவர்களை எண்ணியே துக்கப்படுகிறேன் என்று முடித்தாள்.

எளியவர்களை எண்ணித் துக்கப்படுகிறேன் என்ற அந்த முடிவுச் சொல்லைக் கவனிக்க வேண்டும். அவளுடைய கோபம் தன் பட்டும் பணியும் போனதற்காக மட்டும் எழுந்ததன்று. தர்மம் காக்காது போனால் உலகில் திக்கற்றவர்களுக்குத் திக்கு எது என்பதே அவளுடைய வினாவின் உயிர்நாடி.

தர்மபுத்ரர் அளித்த விடை

தர்மபுத்ரர் அவளைக் கடிந்து வாயடைக்கவில்லை. அவளுடைய பேச்சு அழகும் நயமும் உடையது என்று முதலில் பாராட்டினார். ஆயினும் அதில் நாஸ்திகத்தின் நிழல் விழுந்திருக்கிறது என்று எச்சரித்தார். பின்னர் அவர் கூறிய விடை, தர்மத்தை ஆராய்ந்தவர்கள் உலகில் எங்கெங்கும் கூறிய விடைகளுள் மிக உயர்ந்த வரிசையில் வைக்கத் தக்கது. தர்மத்தின் பலனைத் தேடித் தாம் தர்மம் செய்யவில்லை என்றார் அவர். கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பதாகவும், வேள்வி செய்ய வேண்டும் என்பதற்காகவே செய்வதாகவும் கூறினார். தர்மத்தைப் பாலெனக் கறந்து விலை பேச நினைப்பவனுக்கு அவர் இட்ட பெயர் தர்ம வணிகன் என்பது. தர்மம் அறிந்தவர்களுள் அவனே கடையன் என்பது அவர் தீர்ப்பு.

வாணிகம் இழிந்த தொழில் என்பது இதன் பொருளன்று. நேர்மையான வணிகன் போற்றத் தக்கவன். ஆனால் கடைத்தெருவுக்கு உரிய நீதி வேறு, தர்மத்துக்கு உரிய நீதி வேறு. வணிகன் எந்தச் சரக்கில் லாபம் மிகுதியோ அதை வாங்குவான். நஷ்டம் வரும் சரக்கைக் கைவிடுவான். அது அவன் தொழிலுக்கு அழகு. அதே கணக்கைத் தர்மத்தில் ஒருவன் வைத்துக்கொண்டால் என்ன நேரும்? பொய் சொன்னால் அதிக லாபம் என்று தெரிந்த அன்றே அவன் பொய் சொல்வான். அதுவரை அவன் மெய் சொல்லி வந்ததும் மெய்யின் பொருட்டு அன்று, லாபத்தின் பொருட்டே என்பது அன்று வெளியாகும். பயன் கருதிச் செய்த தர்மம் பயன் வராத இடத்தில் மட்டும் அழிவதில்லை. பயன் வந்த இடத்திலும் அது தர்மமாக இருந்ததே இல்லை.

வணிகனுக்கு ஸுகமும் கிட்டுவதில்லை என்பது மற்றொன்று. ஒரு பிடி அன்னம் இட்டுவிட்டு, அதன் பலன் வந்துவிட்டதா என்று மறுநாளே வாசலைப் பார்த்து நிற்பவனுக்கு அன்னமிட்ட கையின் நிறைவும் இல்லை, எதிர்பார்த்த வரவும் இல்லை. அண்டை வீட்டுக்காரனுக்கு வந்த நன்மை அவனுக்குத் தன் கணக்கில் நேர்ந்த நஷ்டமாகத் தோன்றும். தர்மத்தை விற்கப் புகுந்தவன் தர்மம், ஸுகம் இரண்டையும் இழக்கிறான்.

விடையில் எஞ்சி நிற்கும் சிக்கல்

எனினும் இத்துடன் வினா தீர்ந்துவிட்டதா? தர்மத்திற்குப் பயனே இல்லை என்று தர்மபுத்ரர் கூறவில்லை. கடலைக் கடக்கும் வணிகர்களுக்கு மரக்கலம் போல, மேலுலகம் செல்வோர்க்குத் தர்மமே தெப்பம் என்றார். தர்மம் பலனற்றதாயின் உலகம் இருளில் மூழ்கும் என்றார். வேள்வித் தீயில் தோன்றிய உன் பிறப்பையே நினைத்துப் பார், கர்மத்திற்குப் பலன் உண்டு என்பதற்கு அதுவே சான்று என்று த்ரௌபதிக்கே எடுத்துக் காட்டினார். பலன் உண்டு, ஆனால் பலனுக்காகச் செய்யலாகாது. இவ்விரண்டும் எப்படி ஒருங்கே பொருந்தும்? உண்டு என்று தெரிந்த ஒன்றை நாடாமல் இருக்க மனித மனத்தால் இயலுமா?

இந்தச் சிக்கலில் மேனாட்டு ஞானிகளும் நெடுங்காலம் உழன்றிருக்கிறார்கள். கி.மு. 300-ஐ ஒட்டி ஏதென்ஸ் நகரத்தில் ஸீனோ என்பவர் தொடங்கிய ஸ்டோயிக் மரபினர், ஒழுக்கமே ஸுகம், வேறு ஸுகம் என்று தனியே ஒன்றில்லை என்றனர். சித்ரவதையிலும் நல்லவன் ஸுகமாகவே இருக்கிறான் என்பது அவர்கள் துணிபு. அதே காலத்தில் அதே நகரத்தில் வாழ்ந்த எபிக்யூரஸ், ஸுகமே வாழ்வின் குறிக்கோள் என்றும், அறிவோடும் நீதியோடும் வாழாமல் ஸுகமாக வாழ முடியாதாகையால் ஒழுக்கம் வேண்டும் என்றும் கூறினார். அவர்களுக்கு முற்பட்ட அரிஸ்டாட்டில், ஒழுக்கத்தோடு கூடிய செயலே ஸுகத்தின் ஸாரம் என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் மக்களையும் நாட்டையும் முதுமையில் இழந்த ட்ராய் நகரத்து மன்னன் ப்ரையம் போன்றவனைப் பார்த்து, நீ ஸுகமாக இருக்கிறாய் என்று எவன் சொல்வான் என்று கேட்டார். 1788-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஞானி இமானுவேல் காண்ட் இவ்விரு கட்சிகளையும் ஒருங்கே மறுத்தார். ஒழுக்கம் வேறு, ஸுகம் வேறு. ஒன்றை மற்றொன்றாக்குவது தவறு. ஸுகத்துக்குத் தகுதியுடையவனாதல் மனிதனுடைய கடமை. தகுதிக்கு ஏற்ற ஸுகத்தைச் சேர்த்து வைக்க ஈச்வரன் ஒருவன் இருந்தாக வேண்டும் என்று அவர் முடித்தார்.

ஸ்டோயிக்குகளின் கட்சி கேட்பதற்குக் கம்பீரமானது. ஆனால் கண்ணீரை மறுக்கிறது. எபிக்யூரஸின் கட்சி மென்மையானது. ஆனால் அதன் கடைசிப் படியில் தர்ம வணிகன் நிற்கிறான். காண்ட் கூறியது நேர்மையானது. எனினும் அதில் தர்மம் ஒரு கரையிலும் ஸுகம் மறு கரையிலும் நிற்க, ஈச்வரன் இடையே பாலமாக மட்டும் நிற்கிறான். தர்மம் செய்பவனுடைய உள்ளத்துக்குள் நிகழ்வது என்ன என்பது இன்னும் விளங்கவில்லை. அதை விளக்கியவர் உடையவர்.

உடையவர் அருளிய திறவுகோல்

ஸ்ரீபாஷ்யகாரர் அருளிய க்ரந்தங்களுள் வேதார்த்த ஸங்க்ரஹம் என்பது ஒன்று. திருவேங்கடமுடையான் திருமுன்பே இது அருளிச் செய்யப்பட்டது என்று பெரியோர் கூறுவர். உபநிஷத்துக்களின் பொருளைத் தொகுத்துரைக்கும் இந்நூலின் முடிவுப் பகுதியில் ஒரு பூர்வபக்ஷம் எழுப்பப்படுகிறது. ஜீவன் பகவானுக்கு சேஷபூதன், அதாவது அவனுக்காகவே இருப்பவன், அவனுக்குத் தொண்டு செய்வதே ஜீவனுக்குப் பேரின்பம் என்று ஸித்தாந்தம் கூறுகிறது. இதற்கு எதிராளி சொல்கிறான்: பிறனுக்கு அடங்கியிருப்பது எல்லோருக்கும் துக்கம் என்பது ப்ரத்யக்ஷம், ஊழியம் செய்து பிழைப்பதை மநு ஸ்ம்ருதியே இழிந்த பிழைப்பென்று விலக்கியிருக்கிறது, அப்படியிருக்க அடிமைத்தனம் எவ்வாறு ஸுகமாகும்?

உடையவர் அளித்த விடை மிக நுட்பமானது. எது ஸுகம், எது புருஷார்த்தம் என்ற தோற்றம், ஒருவன் தன்னை யார் என்று நினைத்திருக்கிறான் என்பதைப் பொறுத்தது. சிங்கத்தின் உடலில் இருக்கும் ஜீவன் தன்னைச் சிங்கம் என்றே நினைக்கிறான். சிங்கத்துக்கு உகந்தது அவனுக்கு ஸுகம். பன்றி உடலில் இருப்பவனுக்குப் பன்றிக்கு உகந்ததே ஸுகம். மனிதனுக்கு உகந்தது வேறு, தேவனுக்கு உகந்தது வேறு. இவை ஒன்றோடொன்று முரண்படவும் செய்யும். ஒரே பொருள் ஒருவனுக்கு ஸுகமும் மற்றவனுக்குத் துக்கமும் ஆவதையும், ஒருவனுக்கே ஒரு காலத்தில் ஸுகமாயிருந்தது மற்றொரு காலத்தில் துக்கமாவதையும் விஷ்ணு புராண வசனத்தைக் கொண்டு அவர் நிலைநாட்டுகிறார். ஆகவே ஸுகம் பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் அன்று. உடலே தான் என்று மயங்கியவனுக்கு அடிமை துக்கமாகத் தோன்றுகிறது. ஆத்மாவின் உண்மை இயல்பை உணர்ந்தவனுக்கு அதுவே தன் இயல்புக்கு உகந்த ஸுகமாகிறது. இயல்பான உறவு இல்லாதவர்களுக்கு அடிமைப்படுவதே துக்கம்; சாஸ்த்ரம் விலக்கியதும் அதையேயாம்.

இந்தத் திறவுகோலைக் கொண்டு தர்மபுத்ரருடைய பூட்டைத் திறக்கலாம். தர்மம் என்பது ஒருவன் கொடுத்து ஸுகத்தை வாங்கும் நாணயம் அன்று. தர்மம் செய்யச் செய்ய, செய்பவனுடைய “நான்” மாறுகிறது. எந்த “நான்” பிறர் பொருளைப் பறிப்பதில் ஸுகம் கண்டதோ அந்த “நான்” தேய்கிறது. கொடுப்பதில் ஸுகம் காணும் வேறொரு “நான்” வளர்கிறது. தர்மம் முன்னும் அதன் கூலி பின்னும் வருவதில்லை. தர்மத்தால் அமைந்த மனிதனுக்கு அந்தத் தர்மமே உகந்ததாகிவிடுகிறது. ஸாத்விகமான ஸுகம் தொடக்கத்தில் விஷம் போலவும் முடிவில் அமுதம் போலவும் இருக்கும் என்று கீதையின் பதினெட்டாம் அத்யாயத்தில் கண்ணன் அருளியதன் காரணமும் இதுவே. பழைய “நான்” தேயும் பொழுது வலிக்கும், அதனால் விஷம். புதிய “நான்” நிலைபெற்ற பின் அதுவே உணவாகும், அதனால் அமுதம்.

தேர்த்திருநாளன்று இவ்வுண்மையைக் கண்ணாலேயே காணலாம். வடத்தில் ஆயிரம் கைகள். வெயில் தலையில் இறங்குகிறது, தார்ச்சாலை காலைச் சுடுகிறது, உள்ளங்கை சிவக்கிறது. நாட்கூலிக்கு இத்தனை பாரத்தை இழுக்கச் சொன்னால் முன்வருவோர் எத்தனை பேர்? முன்வந்தாலும், மணி எத்தனை என்று எத்தனை முறை கேட்பார்கள்? அதே பாரம், அதே வெயில். ஆனால் வடம் பிடித்தவன் தேர் நிலைக்கு வந்ததும், இவ்வளவு விரைவில் வந்துவிட்டதே என்று ஏங்குகிறான். அவனுக்கு யாரும் கூலி தரவில்லை. இழுத்ததே அவனுக்குப் பேறு. பாரம் மாறவில்லை, தான் யார், யாருக்காக இழுக்கிறோம் என்ற எண்ணமே மாறியிருக்கிறது.

இருவர் காட்டிய வழி

தர்ம வணிகன் நான் அல்லன் என்று காட்டில் சொன்ன தர்மபுத்ரர், அச்சொல்லை முடிவு வரை காத்தாரா? இதிஹாஸம் அவரை மிகக் கடுமையாகப் பரீக்ஷித்தது. ஸ்வர்காரோஹண பர்வத்தில் அவர் மேலுலகம் புகுந்ததும் முதலில் கண்டது, ஸூர்யனைப் போல ஒளிர்ந்து வீற்றிருந்த துர்யோதனனை. தம்பியரும் த்ரௌபதியும் அங்கில்லை. அவர்களைக் காண வேண்டும் என்று கேட்ட பொழுது தேவதூதன் அவரை இருளும் துர்நாற்றமும் நிறைந்த நரகத்திற்கு அழைத்துச் சென்றான். பொறுக்க முடியாமல் அவர் திரும்பிய வேளையில் இருளிலிருந்து தீனக் குரல்கள் எழுந்தன. சற்று நில்லும், உம்மைத் தொட்டு வரும் இனிய காற்றால் எங்கள் வேதனை தணிகிறது என்று அவை மன்றாடின. நீங்கள் யார் என்று அவர் கேட்க, கர்ணன் என்றும், பீமன் என்றும், அர்ஜுனன் என்றும், த்ரௌபதி என்றும் மறுமொழி வந்தது.

அந்த வேளையில் தர்மபுத்ரர் என்ன செய்தார்? புராணங்களில் வரும் பெரியோர்கள் எப்பொழுதும் புன்னகையோடே இருப்பார்கள் என்று எண்ணுவோர் இவ்விடத்தைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். அவர் கோபம் கொண்டார். தேவர்களை நிந்தித்தார். தர்மத்தையே நிந்தித்தார். அன்று த்ரௌபதி கேட்ட அதே வினா இப்பொழுது அவருடைய உள்ளத்திலேயே வெடித்தது. தர்மத்திற்குப் பலன் உண்டு என்ற சான்று அனைத்தும் கண்ணெதிரே தலைகீழாயின. ஆயினும் அவர் தூதனை நோக்கி, நீ உன்னை அனுப்பியவர்களிடம் திரும்பிச் செல். நான் இங்கேயே இருப்பேன். நான் இருப்பதால் இவர்களுக்கு ஆறுதல் உண்டாகிறது என்று கூறிவிட்டார்.

பலன் இல்லை என்று கண்ட பின்னும் தர்மத்தில் நின்றார் என்பதே இதன் பெருமை. வணிகனாயிருந்தால் அக்கணத்தில் கணக்கை முடித்துக்கொண்டு ஸ்வர்கத்துக்குத் திரும்பியிருப்பான். துர்யோதனனுக்கு அருகே ஆஸனம் அவருக்கும் இருந்தது. அந்த ஆஸனம் அவருக்கு ஸுகமாகத் தோன்றவில்லை. தம்மவருக்கு ஆறுதலாக இருளில் நிற்பதே உகந்ததாயிற்று. அவருடைய “நான்” அத்தனை பேரையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவ்வாறு அவர் நிலைபெற்ற பின்னரே தேவர்கள் வந்தார்கள், இருள் அகன்றது, நரகம் மறைந்தது என்று கதை முடிகிறது.

மற்றொருவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்கு அருகில் கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராயிருந்த அவர், அனைத்தையும் துறந்து திருவரங்கம் நோக்கி தேவியாரோடு நடந்தார். வழியில் காடு. தேவியார், இங்கே பயம் உண்டோ என்று கேட்டார். மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் தேவியார் மறைத்துக் கொண்டு வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கி எறிந்துவிட்டு, இனிப் பயமில்லை என்று நடந்தாராம். திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியால் வாழ்ந்தார். பின்னர் மத மாற்சரியம் மிக்க அரசவை ஒன்றில், ஆசார்யருக்குப் பதிலாகத் தாம் சென்று நின்று, தம் கொள்கையை விடாததால் திருக்கண்களை இழந்தார்.

ஆண்டுகள் சென்றன. காஞ்சிப் பேரருளாளனிடம் கண் பார்வையை வேண்டிப் பெறுமாறு எம்பெருமானார் நியமித்தார். ஆழ்வான் சந்நிதியில் நின்று ஸ்தோத்ரம் ஸமர்ப்பித்தார். பேரருளாளன் வரம் அருளச் சித்தமாயிருந்த வேளையில் ஆழ்வான் கேட்டது தம் கண்களை அன்று. அந்த அரசவையில் தமக்குக் கேடு விளையக் காரணமாயிருந்த நாலூரானுக்கு, தாம் அடையும் பேற்றை அவனும் அடைய வேண்டும் என்று வேண்டினார் எனக் குருபரம்பரை கூறுகிறது. பட்ட துன்பத்துக்கு ஈடு கேட்கும் வாய்ப்பு எதிரே வந்து நின்ற பொழுது, கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. பகைவனும் வாழ வேண்டும் என்பதே அவருக்கு உகந்ததாயிருந்தது. கண்ணிழந்தவருடைய ஸுகம் கண்ணுள்ளவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு கூற முடியும்?

ஓர் எச்சரிக்கை

இங்கே அன்பர்கள் மறவாமல் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. தர்மமே ஸுகம் என்னும் இந்தத் தத்துவம் ஒருவன் தன் துன்பத்தைத் தாங்குவதற்கு உரியது. பிறர் துன்பத்தைப் பார்த்துச் சும்மா இருப்பதற்கு உரியதன்று. பசித்தவனிடம் சென்று, பொறுமையே இன்பம் என்று உபதேசிப்பவன் தத்துவத்தையே அவமதிக்கிறான். கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, பலனை எதிர்பாராமல் உழைக்க வேண்டும் என்று வேலைக்காரனுக்குக் கீதை சொல்பவன் தர்ம வணிகனிலும் தாழ்ந்தவன். தர்மபுத்ரர் நரகத்தில் நின்றது அங்கிருந்தோருக்கு உபந்யாஸம் செய்வதற்கு அன்று. அவர்களுடைய வேதனை தணிவதற்கு. தன் துன்பத்துக்குத் தத்துவம் மருந்து. பிறர் துன்பத்துக்கு மருந்து தண்ணீரும் சோறும் தோள் கொடுக்கும் கையுமே.

த்ரௌபதியின் வினாவுக்கும் எம்பெருமான் தர்க்கத்தால் விடை கூறவில்லை. கௌரவர் ஸபையில் அவள் கோவிந்தா என்று கதறிய பொழுது அவன் தத்துவம் பேசவில்லை, புடவை சுரந்தது. பிற்காலத்தில் உத்யோக பர்வத்தில் ஸஞ்ஜயனிடம் கண்ணன் மனம் திறந்து பேசுகிறான். தொலைவிலிருந்த தன்னை அவள் கோவிந்தா என்று அழைத்தது, வட்டி ஏறிய கடனைப் போல வளர்ந்து தன் நெஞ்சை விட்டு அகலவில்லை என்கிறான். புடவை சுரந்த பின்னும் கடன் தீர்ந்ததாக அவன் எண்ணவில்லை என்று பெரியோர்கள் இவ்விடத்தில் உருகுவர்.

இதுவே இவ்வினாவின் முடிவு. தர்மம் செய்பவன் வணிகனாய்க் கணக்கு எழுதலாகாது. அவன் எழுதாத கணக்கை எம்பெருமான் தன் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு, தன்னையே கடனாளியாக்கிக் கொள்கிறான். பலன் உண்டு, ஆனால் பலனுக்காகச் செய்யலாகாது என்ற இரண்டும் இங்கே முரணின்றிப் பொருந்துகின்றன. கணக்கு வைப்பது அவன் தொழில். வடம் பிடிப்பது அடியார் தொழில்.

உத்ஸவம் முடிந்து அன்பர்கள் தத்தம் ஊர் திரும்புவார்கள். வந்த போது இருந்த வியாதியும் வழக்கும் சிலருக்கு அங்கே இன்னும் காத்திருக்கக் கூடும். நெறியோடு நடந்தவனுக்கு ஏன் இந்தத் துன்பம் என்ற வினா மீண்டும் ஓர் இரவில் எழக் கூடும். அப்பொழுது அவ்வினாவுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. த்ரௌபதியும் கேட்டாள், தர்மபுத்ரரும் கேட்டார். கேட்டுவிட்டு, விடியற்காலையில் எழுந்து, செய்ய வேண்டியதைச் செய்யப் புறப்படுவதே போதும். அப்படிப் புறப்படும் அடியில் தர்மமும் ஸுகமும் ஒன்றாகவே நடக்கின்றன.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.